பிள்ளைகள் வெளியேறிய பிறகு எந்த ஊர்? எல்லாரும் கலந்து வாழும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ராரிட்டன்கரை:
வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நான்கு படுக்கையறை வீடு. வயது 61, 58. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்கு மாறுவதாக உத்தேசம். கறுப்பர், வெள்ளையர், லத்தீனோ, ஆசியர் என எல்லாரும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் வேண்டும். நம்மவர் மட்டுமே குவிந்த இடமும் வேண்டாம், நாம் ஒரே குடும்பமாக முழித்துக்கொண்டு நிற்கிற இடமும் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் அறிமுகமாகும் வயது தாண்டிவிட்டதால், புதிதாக வருகிறவர்களைக் கண்டுகொள்கிற அக்கம்பக்கமா என்பதுதான் முக்கியம். வீடு 6 லட்சம் டாலருக்குள், கோயில் ஒரு மணி நேரத்துக்குள்.

பட்டியலில் இருப்பவை: மேரிலாந்தில் கொலம்பியா, சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க், கிளீவ்லாந்தை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் மவுண்ட் ஏரி. "அங்கே எப்படிப்பட்ட ஆட்கள் இருக்காங்க" என்று கேட்டால் ரியல்டர் (வீட்டுத் தரகர்) பேச்சை மாற்றுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

ஹோவர்ட்வாசி:
ரியல்டர் மேல் தப்பில்லை. 1968இல் வந்து பிறகு விரிவான நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் ஏழு அடையாளங்கள் இருக்கின்றன: இனம், நிறம், மதம், பூர்விக நாடு, பாலினம், குழந்தையுள்ள குடும்பம், உடற்குறை. இவற்றை வைத்து வாங்குபவரை ஒரு தெருவுக்கு இழுப்பதோ இன்னொரு தெருவிலிருந்து விலக்குவதோ சட்டவிரோதம். "உங்க ஆளுங்க அங்கே நிறைய" என்று நல்ல மனதோடு சொன்னாலும் அது 'ஸ்டியரிங்' கணக்கில் வரும், உரிமத்துக்கே ஆபத்து.

அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். அந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டக் குறிப்புகள் கிடைக்குமா, கடந்த ஓராண்டில் எத்தனை வீடு கைமாறியது, வாசல் அலங்காரத்துக்கு என்ன விதி. இதையெல்லாம் தாராளமாக எடுத்துக் கொடுப்பார். ஆட்களைப் பற்றிய விவரத்தை நீங்களேதான் தோண்டியெடுக்க வேண்டும்.

ஏட்டுச்சுரைக்காய்:
தோண்டும் வேலையை நான் சொல்கிறேன். சென்சஸ் துறையின் இணையதளத்தில் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பின் ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள். ஓராண்டுத் தொகுப்பு 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு வராது. அட்டவணை பி03002இல் இனமும் லத்தீனோ பூர்விகமும் சேர்ந்தே வரும். அதை ஊர் அளவில் பார்க்காமல் சென்சஸ் டிராக்ட் அளவில் பாருங்கள். ஒரு டிராக்ட் என்பது சராசரியாக 4,000 பேர்.

டிராக்ட் ஏன் என்றால், 'பன்மைக் குறியீடு' என்று விளம்பரங்களில் வரும் எண் சுலபமாக ஏமாற்றும். அதன் கணக்கு: ஒவ்வொரு பிரிவின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி 1இலிருந்து கழிக்க வேண்டும். 40, 30, 20, 10 சதவீதம் என்று நான்கு பிரிவு இருந்தால் 0.16 + 0.09 + 0.04 + 0.01 = 0.30, குறியீடு 0.70. கண்ணை மூடிக்கொண்டு இருவரைப் பொறுக்கினால் அவர்கள் வெவ்வேறு பிரிவினராக இருக்க 70 சதவீத வாய்ப்பு என்று பொருள். இப்போது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுக்க ஒரு பிரிவு, அந்தப் பக்கம் முழுக்க வேறு பிரிவு என்று ஓர் ஊர் சரிபாதியாகப் பிரிந்து இருந்தால் ஊர்க் குறியீடு 0.50 வரும், அழகாகத் தெரியும். டிராக்ட் வாரியாகப் போட்டால் இரண்டு பக்கமும் பூஜ்யம். ஊர் எண்ணுக்கும் டிராக்ட் எண்களின் சராசரிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த ஊரில் ஆட்கள் கலக்கவில்லை, அருகருகே குவிந்திருக்கிறார்கள்.

மூன்று பொறிகள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பு 90 சதவீத நம்பிக்கை அளவுக்கானது. 200 பேர், கூட்டல் கழித்தல் 170 என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 2020 கணக்கெடுப்பில் தனியுரிமைக்காக வேண்டுமென்றே சிறு குளறுபடி சேர்த்திருக்கிறார்கள், அதனால் ஒற்றைத் தெரு பிளாக் அளவு எண்களை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 2010க்கும் 2020க்கும் இடையில் 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்' என்ற வரி எல்லா ஊரிலும் எகிறியிருக்கும். அதில் பெரும்பகுதி கேள்வியும் குறியீட்டு முறையும் மாறியதால் வந்தது, ஆட்கள் மாறியதால் அல்ல.

பி25038ஐயும் பாருங்கள். வீட்டுக்காரர் எந்த ஆண்டு குடிவந்தார் என்ற விவரம், சொந்த வீடு, வாடகை என்று பிரித்துக் கிடைக்கும். பெரும்பாலோர் 30 ஆண்டுக்கு முன் வந்தவர்கள் என்றால் நட்பு வட்டங்கள் இறுகியிருக்கும். எல்லாரும் நேற்று வந்தவர்கள் என்றால் இன்னும் ஐந்து வருஷத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்றே தெரியாது. என் கணிப்பில் இரண்டும் கலந்திருப்பதே நல்லது.

தமிழ் பேசுவோர் எண்ணிக்கை பி16001இல் தனி வரியாக வருகிறது. பெரிய நிலப்பரப்புக்குத்தான் கிடைக்கும், டிராக்ட் அளவில் கிடைக்காது.

நேர்ப்பேச்சு:
எல்லாம் சரி சார், ஆனா எண் கலந்திருந்தா ஆளும் கலந்திருப்பான்னு யார் சொன்னது? ஒரே தெருவில நாலு இனம் இருக்கும், கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். அவ்வளவுதான் உறவு. அறுபது வயசுல புது ஊருக்குப் போய்க் கதவு தட்டிக்கிட்டு நிக்கிறதுக்குப் பதிலா மன்ரோ பக்கம் 55 பிளஸ் குடியிருப்பு ஒன்றில வாங்கலாமே. கிளப்ஹவுஸ் இருக்கு, சீட்டு விளையாட ஆள் இருக்கு, மாநிலமும் மாற வேண்டாம்.

ஹோவர்ட்வாசி:
கராஜ் கதவு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 55 பிளஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 1995 சட்டத் திருத்தப்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயதான ஒருவராவது இருந்தால்தான் அந்தக் குடியிருப்புக்குக் குழந்தையுள்ள குடும்பங்களை மறுக்கும் உரிமை. ஆகவே நிர்வாகம் வயதை விடாமல் சரிபார்க்கும். பெரும்பாலான இடங்களில் 18 அல்லது 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் நிரந்தரமாகத் தங்க முடியாது, பேரன் பேத்தி வந்து தங்க வருஷத்துக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பும் உண்டு. மகனோ மகளோ குழந்தையோடு ஆறு மாதம் வந்து தங்கும் நிலை வரும் என்று தோன்றினால், கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். ராரிட்டன்கரை கேட்கும் கலப்பில் வயதுக் கலப்பும் அடக்கம் என்றே நினைக்கிறேன்.

இனி கொலம்பியா. ஜேம்ஸ் ரௌஸ் என்ற கட்டுமான முதலாளி 1967இல் தொடங்கிய திட்டமிட்ட ஊர். யார் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம் என்று முதல் நாளிலிருந்தே திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து மேரிலாந்தில் அது சாதாரண விஷயமல்ல. ஆட்கள் தற்செயலாகச் சந்திக்கட்டும் என்று தபால் பெட்டிகளை வீட்டுக்கு வீடு வைக்காமல் கொத்தாக ஒரே இடத்தில் வைத்தார்கள். பல மதத்தார் ஒரே கட்டடத்தைப் பகிரும் இன்டர்ஃபெய்த் மையம் 1970இல் வைல்டு லேக்கில் வந்தது. நேர்ப்பேச்சு சொல்லும் கராஜ் நோய்க்கு அப்போதே மருந்து தேடியிருக்கிறார்கள். எல்லாத் தெருவிலும் அது வேலை செய்தது என்று சொல்ல மாட்டேன்.

ஊரில் பத்து வில்லேஜ். எல்லாம் ஒன்றல்ல. வைல்டு லேக், ஹார்ப்பர்ஸ் சாய்ஸ், ஓக்லாண்ட் மில்ஸ், லாங் ரீச், ஓவன் பிரவுன் ஆகிய பழையவற்றில்தான் உண்மையான கலப்பு. விலையும் அங்கேதான் உங்கள் கைக்கு எட்டும். கடைசியாக வந்த ரிவர் ஹில் பெரிய வீடுகள், பணக்காரப் பகுதி, பள்ளி மதிப்பெண்ணுக்காக விலை ஏறிய இடம். பிள்ளை படிக்காத வீட்டுக்குப் பள்ளி மதிப்பெண் விலை கொடுப்பது வீண். 6 லட்சத்தில் அந்தப் பக்கம் போய்ப் போட்டியிடாதீர்கள்.

செலவு ஒன்று மறைந்திருக்கும். கொலம்பியா அசோசியேஷன் ஆண்டுக் கட்டணம் மதிப்பீட்டில் பாதிக்கு, 100 டாலருக்கு 68 சென்ட். 5 லட்சம் மதிப்பீடு என்றால் 2,50,000க்கு 1,700 டாலர். நீச்சல் குளம், ஜிம் உறுப்பினர் கட்டணம் இதில் சேராது. டவுன்ஹவுஸ், காண்டோ (அடுக்ககத்தில் சொந்த வீடு) என்றால் அதன் மாதக் கட்டணம் இதற்கும் மேலே தனி. வாங்கும்போது வில்லேஜ் அசோசியேஷனிடமிருந்து விற்பவர் 'லெட்டர் ஆஃப் கம்ப்ளையன்ஸ்' வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன் அனுமதி இல்லாமல் கட்டிய டெக், அடித்த பெயின்ட் எல்லாம் அதில் அம்பலமாகும். இல்லாவிட்டால் அதை இடிக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

லான்ஹமில் முருகன் கோயிலும் சிவா விஷ்ணு கோயிலும், நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி. மளிகைக்கு எலிகாட் சிட்டி ரூட் 40. கொரியக் கடைகள் வரிசையாக இருப்பதால் அந்தச் சாலைக்குக் 'கொரியன் வே' என்றே பெயர், நடுநடுவே இந்தியக் கடைகளும் உண்டு. குறை என்றால் ரயில். ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது, பேருந்து எப்போதாவது வரும். கார் ஓட்ட முடியாத வயதை இப்போதே கணக்கில் எடுங்கள்.

பச்சைக்கோடு:
கார் விஷயத்தில் ஓக் பார்க்குக்கு நிகர் இந்தப் பட்டியலில் இல்லை. சிகாகோவின் பச்சை ரயிலும் நீல ரயிலும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. சுமார் 54,000 பேர், 5 சதுர மைலுக்கும் குறைவு. நடந்தே காரியம் முடியும்.

இங்கே கலப்பு தானாக வந்ததல்ல. 1950இல் கறுப்பின வேதியியலாளர் பெர்சி ஜூலியன் வீடு வாங்கியபோது அதற்குத் தீ வைக்க முயன்றார்கள், அடுத்த ஆண்டு டைனமைட் வீசினார்கள். 1968இல் ஊராட்சி தன் நியாய வீட்டுவசதி விதியை நிறைவேற்றியது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் ஹவுசிங் சென்டரைத் தொடங்கினார். அண்டைப் பகுதியில் வெள்ளையர் பயந்துபோய்க் கூட்டம் கூட்டமாக வீட்டை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 'விற்பனைக்கு' பலகையைப் பார்த்துப் பீதி பரவக் கூடாது என்று அந்தப் பலகைகளுக்கே தடை போட்டார்கள். 1978இல் வீட்டு விலை விழுந்தால் ஈடு தரும் காப்புத் திட்டமும் வந்தது. இத்தனை ஏற்பாட்டின் மேல் நிற்கிற கலப்பு இது. ஊர்க் கூட்டங்களில் இன்றும் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். சிலருக்குச் சலிப்பாகக்கூட இருக்கும்.

அப்படியும் கிழக்கு எல்லையான ஆஸ்டின் புல்வார்டு ஒரு கோடு மாதிரிதான் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் சிகாகோவின் ஆஸ்டின். வருமானமும் விலையும் சட்டென்று மாறும். டிராக்ட் வாரியாகப் பார்க்கச் சொன்னது இங்கே மிகவும் பொருந்தும்.

விலை மட்டும் பார்த்து வராதீர்கள், சொத்து வரி கடுமை. குக் கவுண்டியில் வரி ஓராண்டு பின்தங்கி வரும். இந்த ஆண்டு வரும் பில் போன ஆண்டுக்கானது. க்ளோசிங்கில், அதாவது வீடு கைமாறும் நாளில், விற்பவர் தன் காலத்து வரியை உங்களுக்கு வரவாகத் தர வேண்டும். கடைசி பில்லின் 100 சதவீதம் என்று எழுதினால், மறுமதிப்பீட்டில் பில் உயரும்போது வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். 105, 110 என்று வக்கீலிடம் பேரம் பேசச் சொல்லுங்கள். 65 வயதானதும் முதியோர் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டை உறைய வைக்கும் சலுகைக்கு வருமான வரம்பு உண்டு, 401கே (வேலையிட ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுப்பெல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும்.

இன்னொன்று: தெருவில் இரவு கார் நிறுத்த இந்த ஊரில் கட்டுப்பாடு, பாஸ் வேண்டும். பிள்ளைகள் இருவரும் காரில் வந்தால் எங்கே நிறுத்துவது என்று வீடு பார்க்கும்போதே யோசியுங்கள். லெமான்ட் கோயிலுக்கு முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்ஸஹிக்கன்:
மவுண்ட் ஏரி பற்றிச் சுருக்கமாக. மேற்கு மவுண்ட் ஏரி அண்டையர் சங்கம் 1959இலிருந்து இருக்கிறது. தேவாலயங்களும் யூத ஆலயங்களும் முன்னின்று "யாரும் பயந்து விற்க வேண்டாம்" என்று வேலை செய்த பகுதி. வீவர்ஸ் வே கூட்டுறவு மளிகை 1970களில் தொடங்கியது. உறுப்பினராகி அதன் குழு ஒன்றில் சேருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பத்துப் பதினைந்து பேராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். செஸ்ட்நட் ஹில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு ரயில் தடம். தமிழர் எண்ணிக்கை சொற்பம், அதற்குத் தயாராக வாருங்கள்.

வீடுகள் பெரும்பாலும் நூறு வயதான கல் கட்டடங்கள். ரேடியேட்டர் சூடு, ஏசிக்குக் குழாய்ப் பாதை இருக்காது, மினி ஸ்ப்ளிட் போட வேண்டும். கழிப்பறை மாடியில், படி செங்குத்து. முழங்கால் வலி இருப்பவருக்கு இந்த ஊர் வேண்டாம் என்றே சொல்வேன்.

பச்சைக்கோடு:
ஷேக்கர் ஹைட்ஸ் பற்றி யாரும் எழுதவில்லை, எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் உருவாக்கிய ஊர். கம்பெனி சம்மதமின்றி வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வேண்டாதவர்களை விலக்கினார்கள். 1957இல் லட்லோ பகுதியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சங்கம் வைத்து நிலைமையைத் திருப்பினார்கள். இப்படிப்பட்ட பழைய வாசகம் உங்கள் பத்திரத்திலும் கண்ணில் படலாம். 1948 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இன விலக்கு வாசகம் எதையும் நீதிமன்றம் அமல்படுத்தாது, பதற வேண்டாம்.

விலை குறைவு, சொத்து வரி அதிகம், ரயில் உண்டு, பார்மா சிவா விஷ்ணு கோயில் பக்கம். விற்பனையின்போது நகராட்சி ஆய்வு என்று ஒன்று அங்கே உண்டு. குறை கண்டால் விற்பவர் சரிசெய்ய வேண்டும், அல்லது வாங்குபவர் பழுதுச் செலவை முன்பணமாகக் கட்டி வைத்து வேலையை முடிக்க வேண்டும். ஆய்வறிக்கையை விலை பேசுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

வரிப்புலி:
எல்லாரும் சொத்து வரியோடு நிறுத்துகிறீர்கள். ஓய்வுக் காலத்தில் வருமானம் எந்த ரூபத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்த நான்கு மாநிலமும் தலைகீழாக மாறும்.

இல்லினாய்: ஓய்வூதியம், 401கே, ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு), சோஷியல் செக்யூரிட்டி எதற்கும் மாநில வருமான வரி இல்லை. பெரிய சொத்து என்றால் 40 லட்சம் டாலருக்கு மேல் எஸ்டேட் வரி உண்டு.

பென்சில்வேனியா: ஓய்வு வயதுக்குப் பின் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் போகும் சொத்துக்கு 4.5 சதவீத வாரிசு வரி. குறைந்தபட்ச வரம்பெல்லாம் கிடையாது. வாழ்க்கைத் துணைக்குப் பூஜ்யம். ஃபிலடெல்ஃபியாவில் பத்திர மாற்று வரி, நகரமும் மாநிலமும் சேர்ந்து 4 சதவீதத்துக்கு மேல். வழக்கமாக இரு தரப்பும் பாதிப் பாதி. சம்பளத்துக்கு வேலை செய்தால் நகர ஊதிய வரி வேறு.

ஒஹாயோ: எஸ்டேட் வரி 2013இலிருந்து இல்லை. ஷேக்கர் ஹைட்ஸின் நகர வருமான வரி சம்பளத்துக்குத்தான், ஓய்வூதியத்துக்கு இல்லை. 58 வயதுக்காரர் வீட்டிலிருந்து வேலை தொடர்ந்தால் அந்தச் சம்பளம் மாட்டும்.

மேரிலாந்து: இங்கேதான் நம்மவர்கள் சறுக்குவது. 65 வயதானவருக்கு ஓய்வூதிய விலக்கு உண்டு, 401கே எடுப்பும் அதில் சேரும். ஐஆர்ஏ சேராது. வேலையை விட்டதும் "எல்லாவற்றையும் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிடு" என்று சொல்லும் ஆலோசகர் பேச்சைக் கேட்டு மாற்றிவிட்டு மேரிலாந்துக்கு வந்தால் அந்த விலக்கு கைநழுவும். மாற்றுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு மாநில வரி இல்லை, ஆனால் அந்தத் தொகை மேற்படி விலக்கிலிருந்து கழிக்கப்படும். கொலம்பியா இருக்கும் ஹோவர்ட் கவுண்டியின் வருமான வரி 3.2 சதவீதம் தனி.

சொத்து வரியிலும் ஒரு கண்ணி. மேரிலாந்து ஹோம்ஸ்டெட் சலுகை, வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்கும். ஹோவர்டில் 5 சதவீதம். 20 ஆண்டு இருந்த விற்பவரின் பில் அதனால் சின்னதாகத் தெரியும். வீடு கைமாறினால் அந்தப் பிடி விடுபடும், உங்கள் பில் முழு மதிப்பீட்டில் வரும். விற்பவர் பில்லைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். வாங்கியதும் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

ராரிட்டன்கரை:
வரிப்புலி சார், நன்றி, நாங்கள் ஐஆர்ஏவுக்கு மாற்றும் படிவம் இன்னும் அனுப்பவில்லை. எடிசன் வீட்டை உடனே விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, புது ஊரில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கலாமா?

வரிப்புலி:
புது ஊரில் வாடகைக்கு இருப்பது நல்ல யோசனை. பழைய வீட்டை வாடகைக்கு விடுவதில் கடிகாரம் ஓடும். கணவன் மனைவிக்கு 5 லட்சம் டாலர் லாப விலக்கு வேண்டுமென்றால், விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டில் இரண்டாண்டாவது அதில் குடியிருந்திருக்க வேண்டும். அதாவது வெளியேறிய மூன்றாண்டுக்குள் விற்க வேண்டும். வாடகைக் காலத்துத் தேய்மானத் தொகை விலக்கில் வராது, அதற்கு வரி உண்டு.

நியூ ஜெர்சியில் "எக்ஸிட் டாக்ஸ்" என்று பயமுறுத்துவது தனி வரியே அல்ல. வெளிமாநிலத்தவர் விற்றால் வரியை முன்கூட்டிப் பிடிப்பது. விற்பது குடியிருந்த வீடுதான் என்றால் க்ளோசிங்கில் ஜிஐடி ஆர்இபி-3 படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 2025 ஜூலை 10 முதல் 10 லட்சத்துக்கு மேல் போகும் வீட்டுக்கு 1 சதவீதத்திலிருந்து தொடங்கும் கட்டணம் விற்பவர் தலையில். 10 லட்சத்தை ஒட்டிய விலை என்றால் ஆயிரம், ரெண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டுக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

கட்டுமானம்:
வீட்டைப் பற்றி நான். அறுபது வயதில் வாங்கும் வீடு எண்பதுக்கும் பொருந்த வேண்டும். கொலம்பியாவின் பழைய வில்லேஜ்களில் ஸ்ப்ளிட் ஃபோயர் வீடுகள் அதிகம். கதவைத் திறந்ததும் மேலே ஆறேழு படி, கீழே ஆறேழு படி. தரைத்தளம் என்று ஒன்றே இல்லை. ஸ்டேர் லிஃப்ட் போட்டாலும் இரண்டு வேண்டும். தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உள்ள ராஞ்சர் அல்லது கேப் காட் தேடுங்கள். வாசல் எத்தனை அங்குல உயரம் என்று அளந்து பாருங்கள். சரிவுப் பாதை ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் கேட்கும். 24 அங்குல வாசலுக்கு 24 அடி. முன்புறத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா? 36 அங்குலக் கதவு போட்டால்தான் சக்கர நாற்காலிக்கு வேண்டிய 32 அங்குலம் மிஞ்சும்.

1978 முதல் 1995 வரை கட்டியது என்றால் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பிபி2110 என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபியூட்டிலீன். குளோரின் பட்டுப் பட்டு உள்ளேயிருந்து நொறுங்கும், சில காப்பீட்டுக் கம்பெனிகள் எடுக்கவே எடுக்காது. வாட்டர் ஹீட்டர் பக்கத்திலும் தண்ணீர் மீட்டர் பக்கத்திலும் பார்த்தால் தெரிந்துவிடும். அறுபதுகளின் கடைசி, எழுபதுகளின் தொடக்க வீட்டில் அலுமினிய ஒயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோவர்ட் கவுண்டி ராடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) அதிகமுள்ள மண்டலம்; சோதனையில் லிட்டருக்கு 4 பிகோக்யூரிக்கு மேல் வந்தால் விற்பவரை விசிறிக்குழாய் போடச் சொல்லுங்கள். எலிகாட் சிட்டி பழைய கடைத்தெரு 2016இலும் 2018இலும் வெள்ளத்தில் போனது, அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டி வாங்கினால் வெள்ள வரைபடம் பார்க்காமல் வாங்காதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குக் கிடையாது. அரசின் வெள்ளக் காப்பீடு தனியாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலாகும்.

நம்ம சமையலுக்கு: அடுப்புக்கு மேலுள்ள ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி முகத்தில் ஊதுகிறதா என்று பாருங்கள். ஹூட்டை ஓடவிட்டு வெளிச்சுவரில் மூடி அசைகிறதா என்று ஒருவர் நின்று பார்த்தால் போதும். காண்டோவில் வெளியே துளை போட அனுமதி அநேகமாகக் கிடைக்காது. பெருங்காயத் தாளிப்பு வாசனை தாழ்வாரம் முழுக்கப் போனால் நல்ல அண்டையரும் புகார் எழுதுவார்.

ஹோவர்ட்வாசி:
ஆக, நேர்ப்பேச்சு கேட்ட கேள்வி பாக்கி: ஆட்கள் கலக்கிறார்களா என்பதை வாங்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதைவிட, யாராவது புதிதாக வர முயன்றபோது என்ன பேசியது என்று பாருங்கள். எங்கே என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் சோனிங் வாரியத்தின் குறிப்புகளும் கூட்டக் காணொளிகளும் இணையத்தில் கிடைக்கும். வழிபாட்டிடத்துக்கான அனுமதி, குறைந்த வருமான அடுக்ககம், உடற்குறை உள்ளோர் இல்லம் ஆகிய மூன்று மனுக்களைத் தேடியெடுங்கள். போக்குவரத்து நெரிசல் பற்றிய கேள்வி நியாயமானது. "இந்த ஊரின் குணம் கெட்டுவிடும்" என்று எத்தனை பேர், எந்தத் தொனியில் சொன்னார்கள், எதிர்த்துப் பேச யாராவது எழுந்தார்களா என்று கேளுங்கள். ஹோவர்டில் 2019இல் பள்ளி எல்லைகளை மாற்றியபோது நடந்த விசாரணைகள் இதற்கு நல்ல பாடம். மறைந்திருந்ததெல்லாம் ஒலிவாங்கி முன் வந்தது. கொலம்பியாவைப் புகழும் நானே சொல்கிறேன், அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எச்ஓஏ ஆவணத்தில் அலங்காரப் பத்தியைப் படியுங்கள். விளக்கு அலங்காரம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மட்டும் என்று இருந்தால் தீபாவளி எங்கே போகும்? 'மத விழாக்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் யாரோ முன்பே கேட்டுத் திருத்தியிருக்கிறார்கள், நல்ல அறிகுறி. அபராதப் பதிவையும் கேளுங்கள்; யார் வாசலுக்கு மட்டும் கடிதம் போகிறது என்பது கூட்டக் குறிப்பில் தெரியும். மேரிலாந்தில் எச்ஓஏ ஆவணங்கள் கைக்கு வந்ததிலிருந்து ஐந்து நாள், காண்டோ என்றால் ஏழு நாள், காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அந்த நாட்களை வீணடிக்காமல் படியுங்கள். ரிசர்வ் நிதி ஆய்வும் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் நேரில் போவது. ஞாயிறு மதியம் ஓபன் ஹவுஸ் நேரத்தில் போனால் ஒன்றும் தெரியாது. வார நாள் காலை பத்து மணிக்கு நூலகம், 50 பிளஸ் மையம், பிக்கிள்பால் மைதானம். அந்த நேரத்தில் இருப்பவர்கள்தான் உங்கள் வருங்கால நண்பர்கள். மையத்தில் ஒரே மேசையில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நான்கு இனம் நான்கு மேசையில் என்றால் ஏட்டுச்சுரைக்காயின் 0.70 கறிக்கு உதவாது. நூலக அறிவிப்புப் பலகையில் தொண்டர் தேவை எத்தனை, எந்த மொழிகளில் என்றும் பாருங்கள். வீட்டு முகப்பில் கராஜ் முன்னே துருத்தியிருக்கிறதா, நடைபாதை தொடர்ச்சியாகப் போகிறதா, உட்கார பெஞ்ச் உண்டா என்பதெல்லாம் சின்ன விஷயமில்லை.

முதியவர்களுக்கு மருத்துவமனைக்குக் கார் ஓட்ட, பல்பு மாற்றித் தர, ஆண்டுச் சந்தா வாங்கி இயங்கும் 'வில்லேஜ்' அமைப்புகள் பல ஊரில் உண்டு. பாஸ்டனின் பீக்கன் ஹில்லில் 2002 வாக்கில் தொடங்கிய முறை. ஹோவர்டிலும் ஒன்று இருக்கிறது. உதவி கேட்கும் வயதுவரை காத்திராமல் இப்போதே கார் ஓட்டும் தொண்டராகச் சேர்வதுதான் அறிமுகத்துக்குக் குறுக்கு வழி.

நேர்ப்பேச்சு:
மேசை விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா இன்னும் சொல்றேன், தமிழ் பேச நாலு பேர் கிட்டத்தில இல்லாத ஊர் எழுபதுக்கு மேல கஷ்டம். அந்தக் கணக்குல மவுண்ட் ஏரியும் ஷேக்கரும் அடிபடுது. மிச்சம் ரெண்டுதான்.

ராரிட்டன்கரை:
நேர்ப்பேச்சு அண்ணா சொல்வது எங்கள் வீட்டிலும் ஓடும் பேச்சுதான். கொலம்பியாவில் ஓக்லாண்ட் மில்ஸ் பக்கம் ஓராண்டு வாடகை, நடுவில் ஓக் பார்க்கில் ஒரு மாதம் என்று இப்போதைக்கு நினைக்கிறோம். மருத்துவக் காப்பீட்டை மாநிலம் மாறும்போது என்ன செய்வது?

வரிப்புலி:
58 வயதுக்காரருக்கு வேலைக் காப்பீடு இல்லையென்றால், குடிபெயர்ந்த 60 நாளுக்குள் புது மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் எடுக்க வேண்டும். மாறுவதற்கு முன் காப்பீடு இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். மாறுவதற்கு முன்பே 60 நாளுக்கு மேல் காப்பீடு இல்லாமல் இருந்துவிட்டு "அங்கே போய் எடுத்துக்கலாம்" என்று போனால் அடுத்த திறப்புக் காலம்வரை காத்திருக்க நேரிடலாம்.

65 ஆனவருக்கு: அரசே நடத்தும் ஒரிஜினல் மெடிகேரும் அதன் இடைவெளியை நிரப்பும் தனியார் மெடிகேப்பும் என்றால் எந்த மாநிலத்திலும் செல்லும், முகவரி மாற்றினால் போதும், பிரீமியம் மாறலாம். அதற்குப் பதிலாகத் தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டம் கவுண்டிக்குக் கவுண்டி மாறுவது, அதனால் கட்டாயம் மாற்ற வேண்டும். குடிபெயர்வதற்கு முந்தைய மாதம் தொடங்கி, பெயர்ந்த பிறகு முழு இரண்டு மாதம்வரை அவகாசம். முன்கூட்டியே திட்டத்துக்குச் சொன்னால்தான் இந்தக் கணக்கு. அட்வான்டேஜை விட்டு மெடிகேப்புக்குத் தாவ நினைப்பவருக்கு இது அரிய வாய்ப்பு. சேவை எல்லையை விட்டு வெளியேறினால் உடல்நிலை கேட்காமல் குறிப்பிட்ட மெடிகேப் திட்டங்களைத் தர வேண்டும். பழைய காப்பீடு முடிந்து 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓக் பார்க்கில் ஒரு மாதம் தங்குவது குடிபெயர்வு அல்ல, அதைக் காட்டி மாற்ற முடியாது. 61 வயதுக்காரர் 65ஐத் தொடும்போது நிரந்தர முகவரி எந்த மாநிலமோ அங்கே மெடிகேரின் பார்ட் பி (மருத்துவர் செலவுப் பகுதி) தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெடிகேப் எடுத்துவிடச் சொல்லுங்கள்.